துரையும் டூப்ளிகேட்டும்

நவம்பர் 8, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கிணற்றடி வரை தண்ணீர். துவைத்த உடுப்பெல்லாம் விறாந்தைக் கயிற்றில். ஒன்றும் காய்ந்தபாடில்லை.

நேற்று ரகுவின் வீட்டார் வந்து போனார்கள். தை மாதம் கல்யாணம். முடிவாகிவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து வருஷம் காத்திருந்தோம். நாள் குறிக்க ஒரு கோப்பை தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மாமா ரகுவின் கையைப் பார்க்கும்வரை.

ரகு கட்டியிருப்பது தங்க முலாம் மங்கிப்போன ஒரு மணிக்கூடு. முகத்தில் பெரிய கம்பெனியின் பெயர், அதில் ஓர் எழுத்து பாதி உதிர்ந்தாயிற்று. பஸ் நிலையத்தடியில் சாக்கு விரித்து விற்கிற சாமான். மாமா அதைப் பார்த்தார். பிறகு எங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட மணிக்கூடு அரை மணி முன்னுக்கு ஓடுதே."

"ஓம் மாமா. அது அப்பிடித்தான்," என்றார் ரகு.

"டூப்ளிகேட் எண்டா அப்பிடித்தான். மணிக்கூட்டப் போல ஆளும் டூப்ளிகேட்டா இல்லாட்டிச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தார். ஆனால் சட்டைக் கையை மெதுவாக மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிட்டதை நான் கதவு இடுக்கால் கண்டேன். கையிலிருந்த தேநீர்த் தட்டை மாமாவின் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. சுனாமி அப்பாவையும் வீட்டையும் கொண்டுபோன நாளிலிருந்து எங்களைத் தாங்கியது அம்மாவின் இந்த அண்ணன்தான். தம்பி சசியை லண்டனுக்கு அனுப்பியதும் அவர்தான். அவருக்கு எதிராக நான் வாய் திறந்ததில்லை.

ஆனால் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு போடுவது பெண் வீட்டார். மணவறைக்கு வரும்போது பெண்ணின் தம்பி கால் கழுவி, கையில் கட்டிவிடுவான். அந்த மணிக்கூடு அசலாக இருக்கும். மாமா இரண்டு கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அசல். இது முடிவு.

ரகுவுக்குச் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து நேரே ஹனீபா நானாவின் கொம்யூனிகேஷன். (இனி ஹ.நா.) போன், ஃபக்ஸ், போட்டோக்கொப்பி, இரண்டு கம்பியூட்டர். மழை பெய்தால் ஒன்று. சுவரில் பழைய தகரப் பலகை, பெயின்ற்றால் எழுதியது: லண்டன் 6 மணி பின்னுக்கு, பாரிஸ் 5, ரொறன்ரோ 11. ஊரில் பாதிப்பேர் இந்தப் பலகையைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்குப் போன் எடுத்தார்கள். சசியுடன் கதைக்க நானும்.

"என்ன தங்கச்சி தேடுறீங்க?"

"மணிக்கூடு நானா."

"நம்மட கடைத்தெருவில இல்லாத மணிக்கூடா?"

இல்லாத மணிக்கூடுதான். முதல் படத்திலேயே விழுந்துவிட்டேன். சுவிஸ் சாமான். கறுப்பு முகம், வழக்கமான முட்களோடு நாலாவதாக ஒரு சிவப்பு முள். அது இன்னோர் ஊரின் நேரத்தைக் காட்டுமாம். ஒரே முகத்தில் இரண்டு நேரம். பார்த்ததும் ரகுவின் ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடுகிற ஆறுதான் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் எங்கள் கரைக்கு ஒரு நேரம், ரகுவின் கரைக்கு ஒரு நேரம் என்று இருந்ததே. அந்த நாளில் இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை வீண் காத்திருப்பு தப்பியிருக்கும்.

கம்பெனிப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நாவூறு படும். துரை என்று வைத்துக்கொள்கிறேன்.

புதுத் துரை நினைக்கவே முடியாது. பழைய துரைதான். ஏலத்தில் விற்கிற தளம் ஒன்று இருக்கிறது. சீட்டு விழுந்த காசு நகைக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

நவம்பர் 15, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நாளெல்லாம் ஹ.நா. கடையில். கண் எரிச்சல். ஆனால் தலைக்குள் திருவிழா.

துரை அசலா என்று பார்க்க, இதுவரை படித்தது:

– விநாடி முள் துள்ளக் கூடாது. வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.
– பட்டியைக் கழற்றினால் உடம்பில் இலக்கம் வெட்டியிருக்கும். எழுத்து கூராக, ஒரே ஆழத்தில். டூப்ளிகேட்டில் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கும்.
– தேதிக்கு மேல் சின்னக் கண்ணாடிக் குமிழ். தேதி பெருத்துத் தெரிய வேண்டும்.
– கனம்.
– பெட்டி, பத்திரம் இருந்தால் நல்லது. ஆனால் பெட்டியும் பத்திரமும்கூடத் தனியாக டூப்ளிகேட் அடிக்கிறார்களாம்.
– பின்மூடியைத் திறந்து எந்திரத்தின் படம் போடாதவனிடம் வாங்காதே.
– விற்கிற ஆள் இதற்கு முன் யாருக்கு என்ன விற்றார், வாங்கினவர்கள் என்ன சொன்னார்கள். மணிக்கூட்டை விட ஆளைப் பார்.

இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது? மருந்து கொடுக்கிறவள் நான். மாத்திரை அட்டை வந்தால் தொகுதி இலக்கம், அச்சு, ஒட்டு, தேதி பார்க்காமல் தட்டில் வைக்க மாட்டேன். இதுவும் அதுதான், கொஞ்சம் மினுக்கம் கூட.

பின்னேரம் ரகு போன். "என்ன நாலு நாளாக் கதைக்கிறதே இல்ல?" வேலை கூட என்றேன். பொய் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நல்லவேளை போனில்.

நவம்பர் 19, வியாழன்

இன்று கிட்டத்தட்டக் கவிழ்ந்தேன்.

மலிவாக ஒரு துரை. பெட்டி, பத்திரம், எல்லாம் உண்டு. சசிக்குப் போன் எடுத்து "காசு கட்டு" என்று சொல்லவே எழுந்துவிட்டேன். பிறகு ஏதோ உறுத்தியது. கீழ் விளிம்பில் நெல்மணி அளவில் ஒரு கீறல். இந்தக் கீறலை எங்கேயோ கண்டிருக்கிறேன்.

தேடினேன். ஒரு மணித்தியாலம். இருந்தது. வேறு நாடு, வேறு பெயர், வேறு விலை. ஆனால் அதே கீறல், அதே மேசைவிரிப்பு, விரிப்பில் அதே தேநீர்க் கறை. ஒருவரின் படத்தை மற்றவர் திருடிப் போட்டிருக்கிறார். யாரிடம் மணிக்கூடு இருக்கிறது, யாரிடம் படம் மட்டும் இருக்கிறது, யாருக்குத் தெரியும்.

ஹ.நா. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, நீங்க பொலிசில சேந்திருக்கணும்," என்றார். இலவசமாக ஒரு கோப்பை பிளேன்ரீ.

ஏமாறவில்லை என்பதே பெரிய சந்தோஷம். வழியெல்லாம் குடையைச் சுழற்றிக்கொண்டே வந்தேன், ஊர் என்ன நினைத்ததோ.

நவம்பர் 22, ஞாயிறு

வெயில். ரகுவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கக் கொக்கட்டிச்சோலை போனேன். ஆறு நிறைந்து கிடக்கிறது. பாதையில் இரண்டு டிராக்டர், உர மூட்டை, சைக்கிள்கள், நான். முதன்முதலாகப் பாதையைப் பார்த்த வெளியூர் டாக்டர் ஒருவர், இதற்கு ஏன் பாதை என்று பெயர், இது ஒரு பலகைத் தெப்பம்தானே என்று கேட்டது ஞாபகம். எங்களுக்கு வேறு வழி இல்லை டாக்டர், அதனால் பாதை.

இரண்டு பேர் கதைத்தது:

"பாலம் கட்டப் போறானுகளாம்."

"நீ சொல்லுறது இது எத்தினையாந் தரம்?"

"இந்த முற அளந்துட்டுப் போயிருக்கானுகள்."

"அளக்கிறவன் அளக்கட்டும். நீ மூட்டையத் தள்ளி வை மனே."

ரகு அக்கரையில் நின்றார். அரை மணி முந்தியே வந்துவிட்டாராம். எப்போதும் அப்படித்தான், ஒரு நாளும் என்னைக் காக்க வைத்ததில்லை. அரை மணி கூட ஓடுகிற மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வேறென்ன செய்வார் பாவம். விவசாயப் போதனாசிரியர், ஊரே அவர் சொல்லைக் கேட்டு விதைக்கிறது. இந்த ஒன்றைத் திருத்தத் தெரியவில்லை.

வயல்வட்டை முழுக்கப் பச்சை. சண்டைக்காலத்தில் வெறும் புல்லாகக் கிடந்த வயல்கள். ரகு வரம்பில் நின்று இது யாருடையது, அது என்ன இனம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவர் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். பெருத்த எலும்பு. பட்டியில் ஒரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும்.

நவம்பர் 28, சனி

கிடைத்துவிட்டார்.

லண்டனுக்கு வெளியே ஒரு கடற்கரை ஊர். விற்பவர் ஒரு பெண்மணி. கணவர் கப்பலில் வேலை பார்த்தவர், போன வருஷம் தவறிவிட்டார். இதற்கு முன் விற்றவை: தையல் மெஷின், பூச்சாடி, குதிரைப் புத்தகங்கள். மணிக்கூட்டு வியாபாரி இல்லை. படங்கள் பன்னிரண்டு. இலக்கம் கூர். பின்மூடி திறந்த படமும் உண்டு. விளிம்பு தேய்ந்திருக்கிறது, கட்டி உழைத்த மணிக்கூடு. ஒரு படத்தில் அந்த அம்மாவின் விரல் நகம் தெரிகிறது. எனக்கு அந்த விரலில் நம்பிக்கை வந்துவிட்டது.

ஏலம் முடிவது அடுத்த ஞாயிறு, லண்டன் நேரம் பிற்பகல் இரண்டு மணி.

சசிக்குப் போன்.

"அக்கா, ஒனக்கு விசரா? மாப்பிள்ளைக்கு நான் இங்கயிருந்து புதுசா ஒண்டு வாங்கிட்டு வாறன்."

"நீ வாங்குறது வேற. இது வேற."

"மாமாக்குத் தெரியுமா?"

"தெரியக்குள்ள மாப்பிள்ளைட கையில இரிக்கும்."

சசி சிரித்தான். அவனுடைய பெயரில் நானே ஏலம் கேட்கலாம், ரகசியச் சொல்லையும் தந்துவிட்டான். ஞாயிறு அவனுக்குக் கடையில் வேலை. போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். எல்லாம் என் கையில்.

டிசம்பர் 5, சனி

மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. பக்கம் திறக்க ஒரு யுகம். ஒரு சின்ன விலை மட்டும் போட்டு வைத்தேன். ஹ.நா.வின் யோசனை: "கைய முழுக்கக் காட்டாதீங்க தங்கச்சி. கடைசி நிமிசத்தில ஒரே போடாப் போடுங்க." மாட்டுச் சந்தையிலும் அப்படித்தானாம்.

பக்கத்தை அச்செடுத்து வந்தேன். முடிவு இரண்டு மணி, லண்டன் நேரம். பலகையைப் பார்த்தேன், ஆறு மணி கூட்டினேன். நமக்கு இரவு எட்டு. ஏழே முக்காலுக்குக் கடையில் நிற்க வேண்டும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றி வைக்க ஹ.நா. ஒப்புக்கொண்டார்.

அம்மா: "என்ன கா, கனவு கண்டாப் போல சிரிக்காய்?"

டிசம்பர் 6, ஞாயிறு

ஏழே முக்காலுக்குக் கடை. கரண்ட் உண்டு, லைன் உண்டு, எல்லாம் உண்டு. பக்கம் மெதுவாகத் திறந்தது.

ஏலம் முடிந்தது என்று இருந்தது.

நான் நம்பவில்லை. மறுபடி திறந்தேன். முடிந்துதான். கால் மணி நேரத்துக்கு முன். யாரோ ஒருவர் எடுத்துவிட்டார். இரண்டாவது இடத்தில் என் சின்ன விலை, அசடு மாதிரி நின்றது. நான் மனதில் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை அவர் எடுத்த விலை.

ஹ.நா. பிழை எங்கே என்று விரல்விட்டுப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, இது பழைய பலக. நேரம் மாத்தக்குள்ள நான் இத மாத்தல்ல. அஞ்சரை மணித்தியாலம்தான் இப்ப. போன் எடுக்கிற சனம் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லல்ல."

அவரைப் பேச என்ன இருக்கிறது. நானும் மூன்று வருஷமாக அதைப் பார்த்துத்தான் சசியுடன் கதைக்கிறேன்.

மழையில் நடந்து வந்தேன். அழுதேன். மழையானபடியால் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 7, திங்கள்

மருந்துச் சாளரத்தில் ஒரு ஆச்சி, "என்ன புள்ள, முகம் ஊதிக் கிடக்கு?" தடிமன், சளி என்றேன்.

யோசித்துப் பார்க்கிறேன். சமாதான காலத்தில் அரசாங்கத்தின் நேரம் அரை மணி முன்னுக்கு. இங்கே ரவுணில், ஆற்றின் இக்கரைப் பட்டணத்தில், அதுதான். ஆற்றுக்கு அப்பால், படுவான்கரையில், அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தார் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். பாதையில் ஏறினால் அரை மணி குறையும், திரும்பினால் கூடும். பிறகு சண்டை திரும்பத் தொடங்கிய வருஷம் அரசாங்கமே பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கரைக்கும் ஒரே நேரம். எல்லோரும் முள்ளைத் திருப்பினோம். தகரப் பலகைக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தச் செத்துப்போன அரை மணிதான் என் துரையைக் கொண்டுபோனது.

இன்னொன்று. ரகுவின் கையில் இருப்பதும் அரை மணி கூட. டூப்ளிகேட் என்றால் கண்டபடி ஓடட்டும், ஏன் எப்போது பார்த்தாலும் சரியாக அரை மணி? கேட்க வேண்டும்.

டிசம்பர் 13, ஞாயிறு

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

சசிக்கு ஈமெயில். அந்த அம்மாவிடமிருந்து. ஏலத்தில் எடுத்தவர் காசு கட்டவில்லையாம், ஆளைக் காணவில்லையாம். இரண்டாவது ஆள் நீங்கள், உங்கள் விலைக்கே தருகிறேன், வேண்டுமா?

சசி துள்ளுகிறான். "அக்கா, கட்டட்டா?"

"பொறு. கட்டாத."

இப்படி ஒரு கடிதம் வந்தால் பத்துக்கு எட்டு மோசடி என்று படித்திருக்கிறேன். தோற்றவர்களின் ஆசையைப் பார்த்து வேறு யாராவது எழுதுவார்களாம். ஆசை எனக்கு மலைபோல் இருக்கிறது. அதனால்தான் பயம்.

ஒரு பரீட்சை வைத்தேன். சசியின் பெயரில் நானே பதில் எழுதினேன்: தயவுசெய்து மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை வையுங்கள், சிவப்பு முள்ளில் லண்டன் நேரத்தை வையுங்கள், இன்றைய பத்திரிகையின் மேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்.

டிசம்பர் 15, செவ்வாய்

பதில்.

படம் இருந்தது, பத்திரிகையும் இருந்தது. ஆனால் என்னை விழுத்தியது கடிதம். அந்த அம்மா எழுதியதன் சாரம்: நீங்கள் கேட்டபடி வைக்க முடியவில்லை, மன்னியுங்கள். ஒரு முள்ளை மற்றதிலிருந்து விலக்கினால் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும், அரை மணிக்கு நிற்காது. கொழும்புத் துறைமுகத்துக்குப் போய் வந்தபோதெல்லாம் என் கணவர் இதைத்தான் திட்டுவார். இவ்வளவு விலை கொடுத்தும் உங்கள் நாட்டின் அரை மணியை மனதால்தான் கூட்ட வேண்டியிருந்தது என்பார்.

மூன்று தரம் படித்தேன். திருடிய படத்தை வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாது. மணிக்கூட்டோடு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

சசியிடம் சொன்னேன்: "நேர்ல போய் வாங்கு. மணிக்கூட்டுக் கடையில குடுத்துப் பின்பக்கம் திறந்து பாத்துட்டுத்தான் காசு."

ஹ.நா. பலகையைக் கழற்றி வைத்திருக்கிறார். புது எழுத்து எழுத ஆள் வருகிறாராம்.

டிசம்பர் 20, ஞாயிறு

சசி போன். அங்கே பனி கொட்டுகிறது, ரயில் பிந்தியது. அந்த அம்மா கேக் கொடுத்தாராம். யாருக்கு என்று கேட்டாராம். அக்கா கட்டப்போகிறவருக்கு என்றதும், கணவரின் படத்தை எடுத்துக் காட்டினாராம். படத்தில் அவர் கையில் துரை.

அங்கே மணிக்கூட்டுக் கடைக்காரன் திறந்து பார்த்து ஒரே சொல்: அசல்.

நான் ஹ.நா. கடைக்குள்ளேயே குதித்தேன். ரொறன்ரோவுக்குக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா போனைப் பொத்திக்கொண்டு, "விசா கிடைச்சிட்டா மகள்?" என்றார்.

ஓம் என்றேன்.

டிசம்பர் 26, சனி

அப்பா போய் ஐந்து வருஷம். காலையில் கடற்கரை. அம்மா, மாமா, நான். விளக்கு காற்றில் அணைந்து அணைந்து போனது. மாமா தன் சால்வையால் மறைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார், திரி முழுக்க எரியும்வரை. இந்த மனுஷனை என்னால் முழுதாக வெறுக்க முடியாது.

ரகு தயிர் முட்டியோடு வந்தார். அரை மணி முந்தி. பின்னேரம் பாதையடி வரை கூடப் போனேன். பாதை அக்கரையில் நின்றது. கேட்டுவிட்டேன்.

"ஏன் ஒங்கட மணிக்கூடு எப்பவும் அரை மணி கூட?"

"டூப்ளிகேட் தானே."

"டூப்ளிகேட் எண்டா ஒரு நாள் பத்து நிமிசம், ஒரு நாள் ஒரு மணித்தியாலம் பிசகும். இது சரியா அரை மணி. சொல்லுங்க."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுனாமி முடிஞ்ச கையோட நீங்க மருந்துப் பெட்டியோட எங்கட பக்கம் வந்து போன காலம். ஒரு நாள், நாலு மணிக்குப் பாதையடிக்கு வாங்க, கதைக்கணும் எண்டீங்க. ஞாபகம் இரிக்கா?"

"நீங்க வரல்ல."

"வந்தன். நாலு மணிக்குத்தான் வந்தன். எங்கட நாலு மணி. ஒங்களுக்கு அது நாலரை. பாதை நடு ஆத்தில போகுது. ஒங்கட வெள்ளக் குட மட்டும் தெரிஞ்சிச்சு."

ரகு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

"மறுகா ரவுணுக்கு வந்து இத வாங்கினன். ஒங்கட நேரத்துக்கு வச்சன். எங்கட பக்கத்தில அந்த நேரத்தக் கட்டித் திரிஞ்சா ஏன், ஆருக்காக எண்டு கேள்வி வரும். கன காலம் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளதான்."

"பிறகு எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்தாச்சே. மாத்தியிருக்கலாமே."

"அந்த வருசம்தானே ஆத்தால போக வர ஏலாமப் போனது. ஒங்கட பக்கத்தில என்னெட்ட இருந்தது இது ஒண்டுதான். மாத்த மனம் வரல்ல. பற்றரி மாத்தக்குள்ளயும் அரை மணி கூட்டித்தான் வைப்பன். இப்பவும் இதப் பாத்துத்தான் வெளிக்கிடுறன். பாதை போயிராது."

பாதை வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் வரவில்லை என்று நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அதற்கு அவர் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை.

டிசம்பர் 27, ஞாயிறு

இப்போது துரை எதற்கு? நேற்றிலிருந்து இதே யோசனை. அந்த மணிக்கூட்டைக் கழற்றி இதைக் கட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது.

வேண்டாம் என்று சசிக்குச் சொல்லப் போனேன். கடை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

மாமா இழுத்துவிட வைத்த அந்தச் சட்டைக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. துரையும் வேண்டும். டூப்ளிகேட்டும் வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

ஜனவரி 16, சனி

சசி வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான், தாடி. அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நான் அவன் பையைப் பார்த்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தோம். கனம். விநாடி முள் வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிப் போகிறது. பட்டியின் இடுக்கில் இலக்கம், படத்தில் கண்டபடியே. தேதி பருத்த பயறளவு. என் கட்டிலில், என் உள்ளங்கையில், கடல்கள் கடந்த சாமான். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

ரகுவின் கதையை அவனுக்குச் சொன்னேன். வெகு நேரம் துரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தான் பெரிய ஆள்தான் கா," என்றான்.

ஜனவரி 19, செவ்வாய்

ரகசியம் ஒன்று. துரை பிந்துகிறார். மூன்று நாளாக வானொலிச் செய்தியோடு ஒத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் சில விநாடி. சசி சொல்கிறான், எந்திர மணிக்கூடு என்றால் அப்படித்தானாம், அதுதான் அழகாம். பஸ் நிலையத்தடி டூப்ளிகேட் ஐந்து வருஷமாக அரை மணியில் ஒரு நிமிஷம் பிசகவில்லை.

இதை மாமாவுக்குச் சொல்லக் கூடாது.

பலகாரம் சுடத் தொடங்கியாயிற்று. வீடு முழுக்க எண்ணெய் மணம். பந்தல்கால் நாளை.

ஜனவரி 24, ஞாயிறு, பின்னேரம்

கால் வலி. தலையில் பூ இன்னும் இருக்கிறது. ரகு வெளியே சசியோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் அரை மணி முந்தியே வந்துவிட்டார்கள். ஐயர்கூட வரவில்லை. எனக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பதறினார்கள். நான் மட்டும் சிரித்தேன்.

சசி கால் கழுவினான். ரகு அவனுக்கு மோதிரம் போட்டார். பிறகு சசி துரையை எடுத்தான். நான் உள்ளே யன்னல் சீலைக்குப் பின்னால். ரகு துரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பழையதைக் கழற்றினார். அதை முகம் துடைத்த கைலேஞ்சியில் சுற்றி, சசியின் காதில் என்னவோ சொல்லிக் கொடுத்தார். கையை நீட்டினார். துரை ஏறிக் குந்தினார். பட்டியில் கூட்டிய கண்ணி சரியான அளவு.

சசி உள்ளே வந்தான். "அக்கா, அத்தான் தந்தவர். வச்சிருக்கட்டாம்."

வைத்திருக்கவில்லை. கட்டிக்கொண்டேன். காப்புகளுக்கு மேலே, இடது கையில். தளர்வு. என்ன செய்ய.

தாலி முடிந்து ஆசீர்வாதத்துக்கு மாமா வந்தார். முதலில் ரகுவின் கையைப் பிடித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். துரையைக் காதில் வைத்தார், கனம் பார்த்தார், விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது.

"இதுதான் சாமான்," என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது. ரகுவின் தோளில் தட்டினார். "ஆரு எடுத்த?"

"அக்கா," என்றான் சசி.

மாமா என்னைப் பார்த்தார். திருநீறு பூசக் கையைத் தூக்கினவர், அப்படியே நின்றார். என் மணிக்கட்டில் அந்த மங்கின தங்க நிறம், பாதி எழுத்து. குனிந்து பார்த்தார். துரையைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார்.

"என்ன புள்ள, கல்யாணத்தண்டு இத மாட்டிருக்காய். அரை மணி பிழையா ஓடுது."

முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அவருக்கு எதிர்வார்த்தை சொன்னேன்.

"பிழையில்ல மாமா. அது சரியாத்தான் ஓடுது."